கூட்டு ரோட்டில் ஒரு சுமைதாங்கி



பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது ஜன்னலோரத்து இடம் கிடைத்துவிட்டால் நமக்கெல்லாம் கொள்ளை சந்தோஷம். குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு, "அதோ பார் மாடு, அதோ பார் குளம்" என்று காட்டிக்கொண்டே போவோம். கோபுரம் தெரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். ஆனால் நாலு ரோடு கூடும் இடத்தில் ஒரு ஆலமரம், ஒரு டீக்கடை, பத்திருபது ஓட்டு வீடு என்று ஒரு குக்கிராமம் வருமே, அங்கே பஸ் நின்றால்? "இங்கே பார்க்க என்ன இருக்கு? எப்போ கிளம்புவான்?" என்றுதான் தோன்றும்.

கூட்டு ரோடு, கைகாட்டி, முக்கூட்டு, நாற்சந்தி. ஊருக்கு ஊர் பெயர்தான் மாறும். இடம் ஒரே மாதிரிதான். அங்கே கோட்டை கிடையாது, அரண்மனை கிடையாது. ஆனால் பார்க்க வேண்டிய கட்டுமானங்கள் உண்டு. முன்பின் தெரியாத வழிப்போக்கர்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான், யாரோ ஒரு புண்ணியவதி கட்டி வைத்துவிட்டுப் போனவை அவை. அவற்றில் ஒன்று நம் பெண்குலத்தோடு மிக நெருங்கிய சம்பந்தம் உள்ளது. அதற்கு முன்னால் நாற்சந்தியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவோம், வாருங்கள்.

*வழி சொல்லும் கல்*

நாலு பாதை சேரும் இடத்தில் வழிப்போக்கருக்கு முதலில் வேண்டியது என்ன? எந்த வழி எங்கே போகிறது, இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற தகவல். இன்று பெரிய பச்சைப் போர்டு வைத்திருக்கிறார்கள். அன்று அந்த வேலையைக் கல் செய்தது.

தர்மபுரிப் பக்கத்தில் 'அதியமான் பெருவழி' என்று பெயர் வெட்டிய 13-ம் நூற்றாண்டுக் கல் கிடைத்திருக்கிறது. நாவல் தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியதோடு விட்டார்களா? இல்லை. கல்லில் இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் குடைந்தும் வைத்தார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சின்னக் குழி ஒன்றுக்கு ஒன்று. படிக்கத் தெரியாதவர் விரலால் தடவிப் பார்த்தே இருபத்தொன்பது என்று எண்ணிக்கொள்ளலாம். தலையில் மூட்டையோடு நடந்து போகிற ஏழை எளியவரையும் நினைத்து அந்தக் கல்லை வெட்டியவர் யாரோ, அவர் கைக்கு மோதிரம் போடலாம்!

*தண்ணீரும் தறியும்*

காஞ்சிபுரத்துக் காமாட்சி அம்மன் இருநாழி நெல்லை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தாள் என்பது ஐதீகம். "முப்பத்திரண்டு அறம்" என்று சொல்கிறோமே தவிர, அவை என்னென்ன என்று கேட்டால் அன்னதானத்தைத் தாண்டி நமக்குச் சொல்லத் தெரிவதில்லை. தண்ணீர்ப் பந்தல் அதில் ஒன்று. மடம் ஒன்று, குளம் ஒன்று, சோலை ஒன்று. ஆவுரிஞ்சுதறி என்றும் ஒன்று உண்டு.

அதென்ன ஆவுரிஞ்சுதறி? மாட்டுக்கு முதுகு தினவெடுத்தால் சொறிந்துகொள்ளக் கையா இருக்கிறது? அதற்காகக் குளக்கரையிலும் சந்திப்பிலும் ஒரு கல்லை நட்டு வைப்பார்கள். மாடு வந்து உரசிக்கொண்டு போகும். பக்கத்திலேயே கிணறு; கிணற்றை ஒட்டிக் கருங்கல் தொட்டி. வண்டி மாடும் ஆடும் தண்ணீர் குடிக்க அந்தத் தொட்டி. மனிதர்களுக்குக் கோடையில் தண்ணீர்ப் பந்தலில் நீர்மோரும் பானகமும்.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் இதே குடும்பம்தான். அங்கே அந்தக் கல்லை ஆவுரோஞ்சிக் கல் என்பார்கள். கேணி, மடம், சுமைதாங்கி எல்லாம் அங்கேயும் சேர்ந்தே இருக்கும். பருத்தித்துறையில் 'தெருமூடி மடம்' என்று ஒன்று இருக்கிறது. பெயரே சொல்கிறது பாருங்கள். தெரு அந்த மடத்தின் நடுவாகவே புகுந்து போகிறது! இரண்டு பக்கமும் தூண் வைத்த உயரமான திண்ணைகள். மேலே கூரை தெருவையும் சேர்த்து மூடியிருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒதுங்கிக்கொள்ளலாம்.

*வீட்டுக்கு வெளியே ஒரு வீடு*

அந்த மடத்தின் திண்ணைதான் சின்ன அளவில் நம் கிராமத்து வீட்டு வாசலிலும் இருப்பது. கதவுக்கு வெளியே, வீட்டுக்காரர் செலவில், ஊராருக்காகக் கட்டியது. சில திண்ணைகளில் ஒரு ஓரமாகச் சரிவாக ஒரு திண்டும் கட்டியிருப்பார்கள். வழிப்போக்கர் தலை வைத்துப் படுக்க அதுதான் தலையணை! சுவரில் முக்கோணமாக ஒரு மாடக்குழி. அந்தி சாய்ந்ததும் வீட்டுப் பெண் அதில் ஒரு அகல் ஏற்றி வைப்பாள். தெரு விளக்கு இல்லாத காலத்தில் அந்த அகல்தான் தெரு விளக்கு.

திண்ணை இருந்ததில் நமக்கும் சௌகரியம் உண்டு. மத்தியானம் வேலை முடிந்ததும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே நாலு பேரோடு பேசலாம். பிள்ளை பெற்றவள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் குழந்தையோடு காற்றாட உட்காரலாம். அவள் முகம் வாடியிருந்தால் எதிர் வீட்டுக்காரிக்கு உடனே தெரிந்துவிடும். "என்னடி, ராத்திரி தூங்கலையா? குழந்தையை இப்படிக் கொடு, நீ போய்க் கொஞ்சம் படு" என்று ஒரு குரல் வரும். இன்று கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழுகிற இளந்தாய்மார்களை நினைத்தால், திண்ணையோடு கூட எதை இடித்தோம் என்று புரிகிறது.

*பெண் பெயரில் சத்திரங்கள்*

கொஞ்சம் பெரிய சந்திப்பாக, யாத்திரைக்காரர்கள் நடமாடும் வழியாக இருந்தால் அங்கே ஒரு சத்திரமும் இருக்கும். மதுரையில் 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளையும், நட்ட மரங்களையும், கட்டிய சத்திரத்தையும் பற்றி இன்றும் பேசுகிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் பலவற்றுக்குப் பெண்களின் பெயர்தான். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். இந்த இரண்டாவது, மன்னர் இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரிய முக்தாம்பாளின் கடைசி ஆசைக்கு இணங்க 1802-ல் அமைத்தது.

இந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது தெரியுமா? 1799-ல் தஞ்சை ராஜ்யத்தின் நிர்வாகம் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது. சத்திரங்களை மட்டுமாவது தன் பொறுப்பில் விட வேண்டும் என்று சரபோஜி 1801-ல் கம்பெனியின் பிரதிநிதிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் விவரம் எல்லாம் இருக்கிறது. எந்தச் சாதியாராக இருந்தாலும் சோறு உண்டு. குழந்தைகளுக்குப் பால் உண்டு. நோயாளிக்கு வைத்தியம் உண்டு. வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அங்கேயே பிரசவம் பார்ப்பார்கள். மருந்தும், அந்த உடம்புக்கு ஏற்ற பத்திய உணவும் கொடுப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை அவள் அங்கேயே தங்கிக்கொள்ளலாம்.

மூன்று மாதம், சகோதரிகளே! இன்று சொந்தப் பிறந்த வீட்டிலேயே, "எப்போம்மா கிளம்புறே?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்த முப்பத்திரண்டு அறங்களில் 'மகப்பெறுவித்தல்', 'மகப்பால் வார்த்தல்', 'மகவு வளர்த்தல்' என்று மூன்று இருக்கின்றன. பிரசவம் பார்ப்பது, குழந்தைக்குப் பால் கொடுப்பது, குழந்தையை வளர்ப்பது. ஏட்டில் இருந்த இந்த மூன்று அறமும் கல்லும் காரையும் கொண்ட ஒரு கட்டடமாக வழியோரத்தில் நின்றதுதான் சத்திரம்.

*தூக்கி விட ஆள் இல்லாதபோது*

இப்போது, முதலில் சொன்னேனே, அந்தக் கல்லுக்கு வருவோம்.

சந்திப்புக்குச் சற்றுத் தள்ளி, மரத்தடியில், இரண்டு கருங்கல் தூண் நட்டு, அவற்றின் தலையில் ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். ஏறக்குறைய நம் தோள் உயரம் இருக்கும். சிற்பம், வேலைப்பாடு ஒன்றும் பெரிதாக இருக்காது. இதுதான் சுமைதாங்கி.

விறகுக் கட்டையோ புல்லுக் கட்டையோ தலையில் சுமந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சும்மாடு வைத்து, அதன் மேல் சுமையை ஏற்றி நடந்துவிடலாம். நடுவழியில் இறக்கினால்தான் ஆபத்து. இறக்குவது தனியாக முடியும். திரும்ப ஏற்றுவது தனியாக முடியாது. "கொஞ்சம் தூக்கி விடுங்களேன்" என்று யாரையாவது கூப்பிட வேண்டும். ஆள் அரவம் இல்லாத பாதையில் யாரைக் கூப்பிடுவது? குனிந்து முக்கித் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கர்ப்பிணிகளுக்கு அது இன்னும் கஷ்டம்.

சுமைதாங்கி இருந்தால் கவலை இல்லை. நின்றபடியே தலைச்சுமையை மேல் கல்லில் நகர்த்தி வைத்துவிடலாம். தண்ணீர் குடித்து, குழந்தைக்குப் பால் கொடுத்து, முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு, பிறகு அதே உயரத்தில் தலையைக் கொடுத்துச் சுமையை வாங்கிக்கொண்டு நடக்கலாம். ஒருவர் தயவும் வேண்டாம். மூன்றே மூன்று கல். அதற்குள் எத்தனை யோசனை!

கேரளத்தில் இதை 'அத்தாணி' என்பார்கள். திருச்சூர் பக்கத்திலும் கொச்சி விமான நிலையத்துக்கு அருகிலும் அத்தாணி என்றே ஊர்கள் இருக்கின்றன. நம் பக்கமும் சுமைதாங்கி என்ற பெயரில் ஊர்களும் பஸ் நிறுத்தங்களும் உண்டு. குடும்ப பாரத்தையெல்லாம் தாங்குகிறவரைச் 'சுமைதாங்கி' என்று சொல்வதும் இந்தக் கல்லை வைத்துத்தான். 1962-ல் ஸ்ரீதர் தன் படத்துக்கு வைத்த பெயரும் அதுதானே!

*இறக்கி வைக்காத சுமை*

யார் நட்டார்கள் இந்தக் கற்களை? புண்ணியத்துக்காக நட்டவர்கள் உண்டு. ஆனால் பல ஊர்களில் பெரியவர்களைக் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு ஒரு காரணம் சொல்வார்கள். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால் அவள் நினைவாக அவளுடைய குடும்பத்தார் சுமைதாங்கி நடுவது வழக்கம்.

அவள் சுமையை இறக்காமலே போய்விட்டாள். பத்து மாதம் சுமந்து, இறக்கி, கையில் ஏந்த வேண்டியதை ஏந்தாமலே போய்விட்டாள். வழியில் போகிற யாரோ தங்கள் சுமையை இறக்கி, "அம்மாடி!" என்று பெருமூச்சு விடும்போதெல்லாம் அவள் ஆத்மா கொஞ்சம் ஆறுதல் அடையும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்பிக்கையை விடுங்கள். மகளை இழந்த ஒரு தாயும், மனைவியை இழந்த ஒரு கணவனும் தங்கள் துக்கத்தை ஊருக்கு உதவுகிற ஒரு பொருளாக மாற்றினார்களே, அந்த மனசைப் பாருங்கள்.

சில கற்களில் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். பலவற்றில் எழுத்தே இருக்காது. அரசர்களின் வெற்றிக்குக் கல்வெட்டு இருக்கிறது. போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் இருக்கிறது. பிரசவத்தில் விழுந்த நம் பாட்டிமார்களுக்கு மூன்று கல் இருக்கிறது. அதுவும் ஊர் எல்லையில், யாரும் கவனிக்காமல்.

*நாம் என்ன செய்யலாம்?*

தலைச்சுமையாக நடந்து போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ரோட்டை அகலப்படுத்தும்போது சுமைதாங்கியைப் பெயர்த்து ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அது யார் வீட்டுப் படிக்கல்லாகவோ, துணி துவைக்கிற கல்லாகவோ ஆகிவிடுகிறது. தெரியாமல் செய்வதுதான், அதனால்தான் தெரிந்துகொண்டவர்கள் சொல்ல வேண்டும். பெண்களாகிய நாம் செய்யக்கூடியவை சில:

1. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாமியாரிடமோ பாட்டியிடமோ, "நம்ம ஊர்ல சுமைதாங்கி இருக்கா? யாருக்காக நட்டது?" என்று கேளுங்கள். பெயரும் கதையும் தெரிந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கதை தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

2. ரோட்டு வேலை வருகிறது என்றால் முன்கூட்டியே பஞ்சாயத்தில் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. பெண்கள் எழுந்து பேச வேண்டிய இடம் அது. கல்லை உடைக்காமல் எடுத்து, அதே ஊரில் பத்தடி தள்ளி நட்டுவிட்டால் போதும். எழுத்து இருந்தால் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

3. அழகு படுத்துகிறேன் என்று எனாமல் பெயிண்ட் அடிக்க வேண்டாம். வெட்டிய எழுத்து பெயிண்டில் மூழ்கிவிடும். தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவி, சுற்றிலும் புல் பூண்டு எடுத்தால் அதுவே பெரிய தொண்டு.

4. உங்கள் வீட்டிலேயே பழைய திண்ணையோ சுண்ணாம்புச் சுவரோ இருந்தால், விரிசல் விட்ட இடத்தில் சிமெண்டைப் பூசி அடைக்காதீர்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிடும். பிறகு சுவர் உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுண்ணாம்பாலேயே சரி செய்வதுதான் நல்லது.

*இனி ஒரு கல் வேண்டாம்*

கல்லைக் காப்பாற்றுவது இருக்கட்டும். அந்தக் கல்லுக்குக் காரணமான துக்கம் இனி எந்த வீட்டுக்கும் வரக்கூடாது அல்லவா?

நிலைமை நன்றாகத் தேறியிருக்கிறது. 2001-03 கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால், இந்தியாவில் 301 தாய்மார்களும் தமிழ்நாட்டில் 134 தாய்மார்களும் இறந்தார்கள். 2018-20-ல் அது 97 ஆகவும் 54 ஆகவும் குறைந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவம், இலவச ஆம்புலன்ஸ், ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனை எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. ஆனாலும் அந்த 54-ல் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விளக்கு.

அந்தக் காலத்தில் பெண்களைக் கொண்டுபோன காரணங்கள் இன்றும் அவையேதான்: ரத்தப்போக்கு, ரத்தக் கொதிப்பால் வரும் வலிப்பு, தொற்று, பிள்ளை வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்வது. இவற்றோடு சோகை சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. கர்ப்பிணிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. இரும்புச் சத்து மாத்திரையை, "வாய் கசக்குது, வயிறு கட்டுது" என்று தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்காதீர்கள். டாக்டரிடமோ நர்ஸிடமோ சொன்னால் சாப்பிடும் நேரத்தை மாற்றித் தருவார்கள். மாத்திரையைக் காப்பி, டீயோடு சாப்பிட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

கர்ப்ப காலத்தில் ரத்தக் கசிவு, விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது - இவற்றில் எது தெரிந்தாலும், "விடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் அதிக ரத்தப்போக்கு, காய்ச்சல் இருந்தால் இதே அவசரம்தான்.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாமியார்களே, நாத்தனார்களே! மருமகள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது, "இப்படிக் கொடும்மா" என்று வாங்கிக்கொள்கிற கைதான் இன்றைய சுமைதாங்கி. கல்லால் செய்து ஊர் எல்லையில் வைப்பதைவிட, அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது மேல்.

உங்கள் ஊர்ச் சந்திப்பில் சுமைதாங்கி உண்டா? சத்திரம், தண்ணீர்த் தொட்டி, ஆவுரிஞ்சு கல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அதன் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். நல்ல கடிதங்களை இந்தப் பக்கத்திலேயே வெளியிட்டு எல்லோருமாகப் படிப்போம்.